லூசியம் ஆஸ்பத்திரிக்கு என் ரிவ்யூ: ஐந்துக்கு நாலு நட்சத்திரம்

தென்கிழக்கு லண்டனில் இருக்கிற லூசியம் ஆஸ்பத்திரிக்கு இணையத்தில் சனம் எழுதியிருக்கிற ரிவ்யூக்களை வாசித்துக்கொண்டு போனால் ஒருவர் ஐந்து நட்சத்திரம், அடுத்தவர் ஒன்று, நடுவில் ஆளே இல்லை. ஒன்று கொடுத்தவர் எத்தனை மணித்தியாலம் காத்திருந்தார் என்று எழுதுகிறார், ஐந்து கொடுத்தவர் நேர்ஸின் பெயரைச் சொல்லி நன்றி எழுதுகிறார். இரண்டிலும் பிழையில்லை. ஆனால் இந்த இடத்தைப் பற்றிய முக்கியமான ஒரு விஷயத்தை எவரும் எழுதக் காணோம். 2013-ல் இதன் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டு நோயாளிகளை வூலிச் பக்கம் அனுப்புவதென்று அரசாங்கம் முடிவே எடுத்துவிட்டது, அந்த முடிவை ஊர்ச்சனம் கோர்ட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் முறித்தது. இன்றைக்கு நீங்கள் நட்சத்திரம் போடுகிற பிள்ளைகள் வோர்டும் பிரசவப் பகுதியும் அந்தச் சண்டையில் தப்பியவை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன். அவசரக்காரர் கடைசிப் பகுதிக்குப் போகலாம், நடைமுறை விஷயங்களை அங்கே போட்டிருக்கிறேன்.

முதலில் இடம். லூசியம் ஹை ஸ்ட்ரீட்டில் சந்தையைத் தாண்டி கட்போர்ட் பக்கம் நடந்தால் சென்ட் மேரிஸ் தேவாலயம் வரும், அதைக் கடந்ததும் வலது பக்கம் ஆஸ்பத்திரி. 54, 75, 185, 199 பஸ் எல்லாம் அந்த றோட்டால்தான் போகும். ரயிலில் வருபவர் லேடிவெல்லில் இறங்கிப் பூங்காவுக்குள்ளால் ரேவன்ஸ்போர்ன் ஆற்றங்கரையோடு பின்பக்கமாக வந்து சேரலாம், பகலில் நல்ல நடை. கிளாரண்டன் ரைஸில் இருக்கிற சிவன் கோவிலிலிருந்தும் நடக்கிற தூரம்தான், திருவிழாவில் யாருக்காவது தலைசுற்றினால் முதலில் நினைவுக்கு வருவது இந்த இடம்தான். கட்டடங்கள் காலத்துக்கு ஒன்றாக எழும்பியவை, செங்கல்லும் கண்ணாடியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். 1894-ல் ஏழைகள் விடுதியோடு சேர்ந்த நோயாளர் இல்லமாகத் தொடங்கியது. 1957 டிசம்பர் 4-ஆம் திகதி மூடுபனியில் சென்ட் ஜோன்ஸ் பக்கத்தில் இரண்டு ரயில்கள் மோதி 90 பேர் செத்தபோது காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஆஸ்பத்திரிகளில் இதுவும் ஒன்று. வீட்டுக்குக் கிட்ட ஓர் ஆஸ்பத்திரி இருப்பதில் என்ன பிரயோசனம் என்று கேட்பவருக்கு இதைச் சொல்லலாம்.

இப்போது சேவை. பெரியவர்களின் அவசரப் பிரிவும் பிள்ளைகளின் அவசரப் பிரிவும் தனித்தனி. வெள்ளிக்கிழமை இரவு குடித்துவிட்டு மண்டை உடைந்து வருகிறவருக்குப் பக்கத்தில் உங்கள் நாலு வயதுப் பிள்ளை இருக்க வேண்டியதில்லை, அதுவே எனக்குப் பெரிய விஷயம். என் மகளுக்குச் சின்னதில் மூச்சிழுப்பு. தடிமன் வந்தால் நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்து இழுத்து வாங்கும், விலா எலும்புக்கு நடுவே தோல் குழிவதை எண்ணலாம். ஓர் இரவு மினிகாப் பிடித்துக் கொண்டுபோனோம். வாசலில் பார்த்த நேர்ஸ் பெயர், முகவரி, பிறந்த திகதி ஒன்றுமே கேட்காமல் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தாள், விரலில் ஒக்ஸிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை மாட்டினாள், நேரே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நீல இன்ஹேலரை அந்தப் பெரிய பிளாஸ்டிக் குழாயில் செருகிப் பத்துத் தரம், இருபது நிமிடம் விட்டு மறுபடி பத்து, மறுபடி பத்து. ஒவ்வொரு தரமும் மகளோடு சேர்ந்து எண்ணினாள். மகளுக்கு விரலில் எரிகிற சிவப்பு வெளிச்சம்தான் பெரிய புதினம், அதைக் கழற்ற விடவே மாட்டேன் என்று நின்றாள். விடியப்புறம் பிள்ளைகள் டொக்டர் மேலேயிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருப்போம், கூடினால் மேலே வோர்டில் கட்டில் இருக்கிறது என்றார்.

அந்த 'மேலே வோர்டில் கட்டில்' இருக்கிறதே, சண்டையே அதற்காகத்தான். அவசரப் பிரிவு என்பது கீழ்த்தளத்தில் இருக்கிற ஒரு அறை இல்லை. மேலே பிள்ளைகள் வோர்ட் இருந்தால்தான் இரவில் பிள்ளைகள் டொக்டர் கட்டடத்தில் இருப்பார். தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தால்தான் பெரிய சத்திரசிகிச்சை செய்யத் துணிவார்கள். மயக்க மருந்து டொக்டரும் இரத்தமும் தயாராக இருந்தால்தான் பிரசவத்தில் சிக்கல் வந்த தாயை அங்கேயே வைத்துப் பார்க்கலாம். ஒன்றை எடுத்தால் மற்றது நிற்காது. 'ஒரு சில சேவைகளை மட்டும் இடம் மாற்றுகிறோம், ஆஸ்பத்திரியை மூடவில்லை' என்று சொல்கிற ஆட்களுக்கும் இது தெரியும், சொல்லத்தான் மாட்டார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். 2012-ல் லூசியம் ஆஸ்பத்திரியின் கணக்கில் பெரிய ஓட்டை ஒன்றும் இல்லை. ஓட்டை இருந்தது பக்கத்தில். சௌத் லண்டன் ஹெல்த்கெயார் என்ற ட்ரஸ்ட் (அரசாங்க ஆஸ்பத்திரிகளை நடத்துகிற அமைப்பு), 2009-ல் வூலிச் குயின் எலிசபெத், ஒர்பிங்டன் பக்கத்துப் பிரின்சஸ் றோயல், சிட்கப் குயின் மேரிஸ் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கிப் போட்டது, வாரத்துக்குப் பத்து லட்சம் பவுணுக்கு மேல் நட்டத்தில் ஓடியது. அதில் இரண்டு ஆஸ்பத்திரிகள் தனியார் காசில் கட்டி, அரசாங்கம் பல பத்தாண்டுகளுக்குத் தவணை கட்டுகிற பி.எஃப்.ஐ. திட்டத்தில் எழும்பியவை. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் தவணை வரும். 2012 ஜூலையில் அப்போதைய சுகாதார அமைச்சர் அன்ட்ரூ லான்ஸ்லி அந்த ட்ரஸ்டைப் பொறுப்பெடுக்க மத்யூ கேர்ஷோ என்ற விசேட நிர்வாகியை நியமித்தார், அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியது அதுதான் முதல் தரம். ஒக்டோபர் கடைசியில் அவருடைய வரைவு அறிக்கை வந்தது. திறந்து பார்த்தால் லூசியத்தின் அவசரப் பிரிவு போகிறது, டொக்டர்கள் இருக்கிற பிரசவப் பகுதி போகிறது, பிள்ளைகள் வோர்ட் போகிறது, நிலத்தில் பாதிக்கு மேல் விற்பனைக்கு. பக்கத்து வீட்டுக்காரன் பட்ட கடனுக்கு எங்கள் வீட்டை ஜப்தி செய்ய வந்த மாதிரி. இத்தனைக்கும் 12 மில்லியன் பவுண் செலவில் அவசரப் பிரிவைப் புதுப்பித்து அந்த வருடம் ஏப்ரலில்தான் திறந்திருந்தார்கள், பெயின்ட் மணம்கூடப் போயிருக்காது.

கருத்துச் சொல்லச் சனத்துக்குக் கொடுத்தது 30 வேலைநாள். ஏறத்தாழ 2,75,000 பேர் இருக்கிற ஊருக்கு அவ்வளவுதான்.

அந்த முப்பது நாளிலும் அதற்குப் பிறகும் ஊர் என்ன செய்தது என்பது நான் கண்ணால் கண்டது. லூசியம், கட்போர்ட், சிடனம் பக்கம் எந்தக் கடைக் கண்ணாடியைப் பார்த்தாலும் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றச் சொல்கிற போஸ்டர். மீன்கடை, முடிவெட்டுகிற கடை, ஆபிரிக்கச் சாமான் கடை, எங்கள் தமிழ்க்கடைகளிலும் முருங்கைக்காய்ப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்தது. நவம்பர் 24-ஆம் திகதி கொட்டுகிற மழை, அந்த மழையில் ஆயிரக்கணக்கில் சனம் வந்து ஆஸ்பத்திரியைச் சுற்றிக் கைகோர்த்து நின்றது. அடுத்தது 2013 ஜனவரி 26, ஊர்வலம் மௌன்ட்ஸ்ஃபீல்ட் பூங்காவில் முடிந்தது, 25,000 பேர் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். எனக்கு எண்ணத் தெரியாது, முன்னாலும் முடிவு தெரியவில்லை பின்னாலும் முடிவு தெரியவில்லை என்று மட்டும் சொல்வேன். தள்ளுவண்டியில் பிள்ளைகள், சீருடையோடு நேர்ஸ்மார், மில்வோல் உதைபந்தாட்டக் கழகத்துச் சால்வையோடு ஆட்கள். மில்வோல் கழகமே வெளிப்படையாகப் போராட்டத்தின் பக்கம் நின்றது. எனக்குப் பக்கத்தில் சால்வைக்கு மேல் சால்வை சுற்றிக்கொண்டு கோவிலில் காண்கிற ஒரு அம்மா வந்தார். "குளிருக்குள்ள ஏனம்மா வந்தனீங்கள்" என்று கேட்டதற்கு, "மூண்டு பேரப்பிள்ளையும் இஞ்சதான் பிறந்தது தம்பி, உதை மூட விடுறதோ?" என்றார்.

இந்தப் போராட்ட இயக்கத்துக்குத் தலைமை தாங்கியது லூயிஸ் ஏர்வின் என்ற உள்ளூர் ஜீபி (குடும்ப) டொக்டர். இது முக்கியம், ஏனென்றால் இப்படியான போராட்டம் என்றாலே 'விவரம் தெரியாத சனம் கட்டடத்துக்கு அழுகிறது' என்று ஒரு கதை கட்டுவார்கள். இங்கே அந்தக் கதை எடுபடவில்லை. ஊர் ஜீபிமார் எதிர்ப்பு, ஆஸ்பத்திரியின் டொக்டர்மார் எதிர்ப்பு, கவுன்சில் எதிர்ப்பு, மூன்று தொகுதி எம்.பி.க்களும் எதிர்ப்பு. லான்ஸ்லி தானே 2010-ல் ஒரு நிபந்தனை வைத்திருந்தார், உள்ளூர் ஜீபிமாரின் ஆதரவு இல்லாமல் சேவைகளை மாற்றக் கூடாதென்று. அதைத் தூக்கி அவர் ஆட்களுக்கே காட்டினார்கள்.

ஊர்வலம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜனவரி 31-ஆம் திகதி ஜெரமி ஹன்ட் பாராளுமன்றத்தில் எழும்பி முடிவைச் சொன்னார். லான்ஸ்லிக்குப் பிறகு வந்த அமைச்சர் அவர். அரசாங்க மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.-இன் மருத்துவ இயக்குநர் புரூஸ் கியோவின் ஆலோசனைப்படி அவசரப் பிரிவு சின்னதாக நிற்கும், இப்போது வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வரை தொடர்ந்து வரலாம், பிரசவத்துக்கு மருத்துவிச்சிமார் மட்டும் நடத்துகிற நிலையம், பிள்ளைகள் வோர்ட் இல்லை. இதனால் ஆண்டுக்கு 100 உயிர் வரை காப்பாற்றலாம் என்றும் சொன்னார். அந்த 100 எங்கிருந்து வந்தது என்று லூசியம் டொக்டர்மார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தூரத்துக்குக் கொண்டுபோவது எல்லாமே சதி இல்லை. 2010-ல் லண்டனில் பக்கவாதச் சிகிச்சையை மாற்றி அமைத்தார்கள், முன்பு முப்பதளவு ஆஸ்பத்திரியில் பார்த்ததை எட்டு விசேட நிலையங்களுக்குள் அடக்கினார்கள். அம்புலன்ஸ் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியைத் தாண்டி நேரே அங்கே போகும், மூளையை ஸ்கான் பண்ணி இரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை உடனே போடுவார்கள். இறப்பு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. எனக்கு நாளைக்கு வாய் கோணினால் லூசியத்துக்குக் கொண்டுபோகாதே, பக்கவாத நிலையம் இருக்கிற கிங்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றுதான் சொல்வேன். மாரடைப்புக்கும் அப்படித்தான். இதை எதிர்த்து லூசியத்தில் எவரும் ஊர்வலம் போகவில்லை. ஹன்ட் பக்கத்து ஆட்கள் செய்த வேலை என்னவென்றால், பக்கவாதத்துக்குச் சரிவந்த கணக்கைத் தூக்கி இழுப்புப் பிள்ளைக்கும் கிழவி விழுந்து உடைத்த இடுப்புக்கும் நாலு நாள் காய்ச்சலுக்கும் போட்டார்கள். பக்கவாதம் வாழ்க்கையில் ஒருக்கா வருவது, அதற்கென்று விசேட ஆட்களும் கருவியும் வேண்டும். பிள்ளையின் இழுப்பு மாரிகாலம் முழுக்க வரும், அதற்கு வேண்டியது பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளைகள் டொக்டர். இரண்டும் ஒன்றா?

பிரசவமும் அப்படித்தான். மருத்துவிச்சிமார் நடத்துகிற நிலையம் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை, லூசியத்துக்குள்ளேயே அப்படி ஒன்று இருக்கிறது, போனவர்கள் நல்லதாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது ஆஸ்பத்திரிக்குள்ளே இருக்கிறது, சிக்கல் என்றால் நடையைக் கடந்து போனால் டொக்டர். 2011-ல் இங்கிலாந்து முழுவதும் செய்து வெளியிட்ட பிரசவ ஆய்வில், தனியே இயங்குகிற மருத்துவிச்சி நிலையத்துக்கு முதல் பிள்ளைக்குப் போன பெண்களில் நூற்றுக்கு 36 பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டி வந்தது. ஆபத்துக் குறைந்தவர்களுக்கு அந்த நிலையங்கள் பாதுகாப்பானவை என்றும் அதே ஆய்வு சொன்னது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் மூன்றில் ஒருவருக்கு மேல் நோவோடு அம்புலன்ஸில் ஏற வேண்டும் என்றால், ஆண்டுக்கு 4,000-க்கு மேல் பிள்ளை பிறக்கிற ஊரில் அது என்ன மாதிரி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தூரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வரைபடத்தை விரித்து வைத்துப் பார்க்கிறவருக்கு லூசியம் ஆஸ்பத்திரிக்கும் வூலிச் ஆஸ்பத்திரிக்கும் ஐந்து மைல்தான். 2011 குடிசன மதிப்பின்படி இந்த ஊரில் கிட்டத்தட்டப் பாதி வீடுகளில் கார் இல்லை. கட்போர்ட்டிலோ பெலிங்கமிலோ டௌனமிலோ இருப்பவர் முதலில் லூசியம் வர ஒரு பஸ், பிறகு 178-க்குக் காத்து நின்று பிளாக்ஹீத், கிட்புறூக் என்று சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதுவும் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்றால் சொல்லத் தேவையில்லை. அம்புலன்ஸ் வேகமாகப் போகும், சரி. ஆனால் பார்க்கப் போகிற அம்மம்மா அம்புலன்ஸில் போகமாட்டார்.

எங்கள் குடும்பத்திலேயே இதைப் பட்டோம், லூசியத்தில் இல்லை, வேறு ஒரு பக்கத்தில். மச்சாள் இருக்கிற ஊரில் பிரசவப் பகுதியைச் சில வருடத்துக்கு முன்பு பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள், இரண்டின் பெயரும் இங்கே வேண்டாம். பிள்ளை மாதம் நிறைய முன்பே பிறந்து விசேட பராமரிப்பில் வைத்துவிட்டார்கள், தாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டில் இல்லையாம். அவள் வீட்டில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாலை மெஷினில் எடுத்து, சின்னப் போத்தலில் ஊற்றி, பெயரும் திகதியும் நேரமும் எழுதி ஒட்டி, ஐஸ்பையில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் ஏறிப் போனாள். தையல்கூட ஆறவில்லை. ஒரு நாள் இரண்டாவது பஸ் வரவேயில்லை, தரிப்பிடத்தில் நின்று எனக்கு போன் பண்ணி அழுதாள், பால் சூடேறிவிடும் என்றுதான் அழுதாள். அங்கே டொக்டர்மார் திறமானவர்கள், மருத்துவத்தில் ஒரு குறையும் சொல்ல ஏலாது, பிள்ளை இப்போது ஓடித் திரிகிறான். ஆனால் சேவையை மாற்றும்போது எழுதுகிற அறிக்கையில் அந்த ஐஸ்பைக்கு ஒரு வரி இருந்ததா என்று கேட்டால் இருந்திருக்காது.

லூசியத்தின் கதை கோர்ட்டில்தான் திரும்பியது. கவுன்சில் ஒரு வழக்கு, இயக்கம் ஒரு வழக்கு, இரண்டையும் சேர்த்து விசாரித்தார்கள். அதற்கு முன்பு ஜூனில் மைக்கல் மான்ஸ்ஃபீல்ட் என்ற பெரிய வக்கீலின் தலைமையில் கட்போர்ட் பிரோட்வே தியேட்டரில் மக்கள் விசாரணை ஒன்றும் நடத்தினார்கள். 2013 ஜூலை 31, நீதிபதி சில்பர் தீர்ப்புச் சொன்னார்: நிர்வாகியை நியமித்தது வேறொரு ட்ரஸ்டுக்கு, லூசியத்தில் கை வைக்க அவருக்கும் அதிகாரம் இல்லை, அவர் சொன்னதை ஏற்ற அமைச்சருக்கும் அதிகாரம் இல்லை. ஹன்ட் மேன்முறையீடு செய்தார், ஒக்டோபர் 29-ஆம் திகதி அதுவும் தோற்றது.

வென்ற கையோடு என்ன நடந்தது தெரியுமா? சட்டத்தையே மாற்றினார்கள். 2014 பராமரிப்புச் சட்டத்தின் 120-ஆம் பிரிவு, நட்டத்தில் இருக்கிற ஒரு ட்ரஸ்டுக்குப் போகிற நிர்வாகி பக்கத்து ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் பரிந்துரைக்கலாம் என்று வழி விட்டது. அதாவது லூசியத்தைக் காப்பாற்றிய அதே வாதம் இன்றைக்கு எடுபடாது. கோர்ட்டில் வென்றது பெரிய விஷயம்தான், ஆனால் அந்தக் கதவை உடனேயே பூட்டிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். ஹன்டின் சொந்தத் தொகுதியில் 2015 தேர்தலில் டொக்டர் ஏர்வின் போய் எதிர்த்து நின்றார், வெல்லவில்லை. கிடர்மின்ஸ்டர் என்ற வேறொரு இங்கிலாந்து ஊரில் 2001-ல் நடந்தது வேறு, ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவை மூடிய கோபத்தில் ரிச்சர்ட் டெய்லர் என்ற இளைப்பாறிய டொக்டரைச் சனம் எம்.பி.யாகவே அனுப்பியது, 17,000-க்கு மேல் வித்தியாசத்தில். அவசரப் பிரிவு மட்டும் திரும்பி வரவில்லை.

திரும்பி வருவது என்பது அநேகமாக நடக்காத காரியம். சிட்கப் குயின் மேரிஸில் 2010 நவம்பரில் அவசரப் பிரிவையும் பிரசவப் பகுதியையும் ஆள் பற்றாக்குறை என்று 'தற்காலிகமாக' மூடினார்கள். அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை. வெம்பிளி, அல்பேட்டன் பக்கத்துத் தமிழ்ச்சனம் சென்ட்ரல் மிடில்செக்ஸ் அவசரப் பிரிவை 2014 செப்டெம்பரில் இழந்தது, அடுத்த வருடம் ஈலிங்கில் பிரசவப் பகுதி போனது. வடமேற்கு லண்டன் ஆஸ்பத்திரிச் சேவைகளைக் குறைக்கிற அதே திட்டத்தில் சேரிங் குரொஸ் ஆஸ்பத்திரியும் ஈலிங்கும் தங்கள் அவசரப் பிரிவுகளைப் பெரிதாக இழக்க இருந்தன, சனம் வருடக்கணக்காக விடாமல் நின்று 2019-ல் அந்தத் திட்டத்தையே கைவிட வைத்தது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் 'மாரிகாலத்துக்கு மட்டும்' என்று எதையாவது மூடினால் அன்றைக்கே எழும்புங்கள், திறக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி அந்த ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது. 2013 ஒக்டோபரில் பழைய ட்ரஸ்டைக் கலைத்து லூசியத்தையும் வூலிச்சையும் சேர்த்து ஒரே ட்ரஸ்டாக ஆக்கினார்கள். அதற்குப் பிறகு வந்த தர ஆய்வுகளில் இந்த ட்ரஸ்டுக்குத் தொடர்ந்து கிடைத்தது 'முன்னேற்றம் தேவை' என்ற மட்டம். காத்திருப்பும் நீளம். நாலு மணித்தியாலத்துக்குள் நூற்றுக்கு 95 பேரைப் பார்த்து முடிக்கவேண்டும் என்ற இலக்கை இங்கிலாந்து முழுவதும் சேர்த்து 2015-க்குப் பிறகு எட்டவேயில்லை, லூசியத்தை மட்டும் பிடித்துத் திட்டிப் பிரயோசனம் இல்லை. ஆனால் என்னைச் சுட்டது வேறு. இலவசச் சிகிச்சைக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க நோயாளிகளின் விவரத்தை எக்ஸ்பீரியன் என்ற கடன் தகவல் கம்பனிக்கு இந்த ட்ரஸ்ட் கொடுத்துவந்தது 2019-ல் வெளியே வந்தது, பிறகுதான் நிறுத்தினார்கள். ஊர்வலத்தில் கால் கடுக்க நின்றவர்களில் எத்தனை பேர் விசாப் பேப்பருக்குக் காத்திருந்தவர்கள்! ஆஸ்பத்திரியைக் காப்பாற்றிய அதே இயக்கம்தான் இதற்கு எதிராகவும் குரல் கொடுத்தது. அதனால்தான் நட்சத்திரத்தைக் குறைத்தது ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு, இயக்கத்துக்குத் தனியே போடச் சொன்னால் ஐந்தும் போடுவேன்.

கடைசியாக நடைமுறை விஷயங்கள், புதிதாக இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு.

அவசரப் பிரிவில் முதலில் பார்த்துச் செய்கிற சிகிச்சைக்கு எவரிடமும் காசு கேட்கமாட்டார்கள், விசா எதுவாக இருந்தாலும். வோர்டில் அனுமதித்த பிறகுதான் கட்டணக் கேள்வி வரும். அகதி விண்ணப்பம் நடந்துகொண்டிருப்பவருக்கும் அகதி அந்தஸ்து கிடைத்தவருக்கும் அதுவும் இல்லை. பிரசவத்துக்குக் கட்டணம் விதிக்கப்படக்கூடியவராக இருந்தாலும் காசு கட்டவில்லை என்று பராமரிப்பை மறுக்கவோ பிந்தப் போடவோ கூடாது, அது விதி. பில் வரும் என்று பயந்து கர்ப்பிணிகள் போகாமல் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன், தயவு செய்து அப்படிச் செய்ய வேண்டாம், போய்ப் பதியுங்கள், பில்லைப் பிறகு பார்க்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் தமிழ் ஆள் கிடைப்பார், நேரிலோ போனிலோ, நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. அப்பொயின்ட்மென்ட் போடும்போதே சொல்லிவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அம்மாவின் கர்ப்பப்பைப் பிரச்சினையை மொழிபெயர்க்க வைக்கிற வேலை வேண்டாம்.

உயிர் ஆபத்து என்றால் 999. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 111, அதிலும் தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்கலாம். காரைக் கொண்டுபோவதை விட பஸ் சுகம். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது மாத்திரைப் பெட்டிகளை அப்படியே ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், "வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று" என்று சொன்னால் அங்கே ஒருவருக்கும் விளங்காது.